பெரியண்ணனும் சின்னண்ணனும்



ஜோலார்பேட்டைச் சந்திப்பில் இரயிலை விட்டிறங்கித் திருப்பத்தூர் நோக்கிச் செல்வோர் கண்ணுக்கு இரண்டு மலைகள் புலப்படும். ஒன்று ஏலகிரி. அது தனித்து நிற்பது, சிறியது. மற்றொன்று கிழக்கே வானத்தின் விளிம்பை அடைத்துக்கொண்டு நீண்டு கிடக்கும் ஜவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இது, இன்று வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவியிருக்கிறது. செய்யாறு இதில்தான் பிறக்கிறது. சாமையும் புளியும் பலாவும் தேனும் இம்மலையின் செல்வங்கள். ஒருகாலத்தில் சந்தனமும் பெருஞ்செல்வமாக இருந்தது. அதை மனிதர் பாடு பார்த்துவிட்டனர்.

இம்மலைக்கும் தமிழுக்கும் உள்ள உறவு பழமையானது. இதன் தென்புற அடிவாரத்திலுள்ள செங்கம்தான் பத்துப்பாட்டில் இறுதியாக வைத்து எண்ணப்படும் மலைபடுகடாத்தின் தலைவன் நன்னன் வாழ்ந்த செங்கண்மா. பரிசில் பெற்ற கூத்தன் ஒருவன் எதிர்ப்பட்ட மற்றொருவனுக்கு வழி சொல்வதாக அமைந்த அந்நூலில் 583 அடிகள் உண்டு. அவற்றில் பெரும்பகுதி, வழியில் எவ்வெவ்வூரில் எத்தகைய மக்கள் முன்பின் அறியாதவர்க்கு எவ்வாறு சோறிடுவர் என்பதையே கூறுகிறது. முன்பின் அறியாதவரை உறவினராக ஏற்றல் என்பது இந்த மலைப்புறத்துக்குப் புதிய செய்தியன்று என்பதற்காக இதனை இங்கு நினைவூட்டினேன். நான் இன்று கூற எடுத்துக்கொண்டதும் அத்தகையதொரு செய்தியே.

1921ஆம் ஆண்டில் இரண்டு மருத்துவர்கள் திருப்பத்தூருக்கு வந்து குடியேறினர். ஒருவர் தமிழர், சவரிராயன் ஏசுதாசன் என்பது பெயர். 1882இல் பிறந்தவர். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர், எர்னெஸ்ட் பாரெஸ்டர் பேட்டன் என்பது பெயர். 1891இல் பிறந்தவர். இருவரும் மணம் புரியாதவர்கள். சீமையில் மருத்துவம் பயின்ற நாளில் நட்புக் கொண்டவர்கள். அவர்கள் இங்கு அமைத்த இல்லத்துக்குக் 'கிறிஸ்துகுல ஆசிரமம்' என்று பெயரிட்டனர். இந்திய நாட்டில் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்தோர் தொடங்கிய கிறிஸ்தவ ஆசிரமங்களுள் இதுவே முதலாவது என்பர். ஏசுதாசன் மூத்தவராதலின் 'பெரியண்ணன்' எனவும், பேட்டன் இளையவராதலின் 'சின்னண்ணன்' எனவும் அழைக்கப்பட்டனர். பிற்காலத்தில் அவர்களுடைய இயற்பெயரைக் காட்டிலும் இப்பெயர்களே மிகுதியாக வழங்கின.

அண்ணன் என்று அழைப்பதில் என்ன சிறப்பு என்று நீங்கள் எண்ணலாம். நம் நாட்டில் காய்கறிக்காரரையும் அண்ணன் என்கிறோம்; வண்டியோட்டுபவரையும் அண்ணன் என்கிறோம். ஆனால் 1921ஆம் ஆண்டில் ஒரு வெள்ளையரைத் 'துரை' என்றழைத்தே பழகிய வாய்களை நினைத்துப் பாருங்கள். மிஷன் வளாகத்துப் பெரிய பங்களாவில் வாழ்பவர் துரை; அவருடைய மனைவியார் துரைசானி. அதே மிஷனில் அதே வேலையைச் செய்யும் இந்தியருக்கு வேறு வீடு, வேறு சம்பளம், வேறு நாற்காலி. சில இடங்களில் நாற்காலியும் இல்லை. அன்பைப் போதிக்க வந்த இடத்திலேயே இந்த வேற்றுமை நிலவியது. அக்காலத்தில் ஒரு வெள்ளையர் இளையவராகவும் ஓர் இந்தியர் மூத்தவராகவும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர் என்பதும், அவ்வரிசை முறையை ஊரார் வாயால் நாள்தோறும் சொல்லிவந்தனர் என்பதும் சிறிய செய்தியல்ல.

இதற்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1910ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. வந்திருந்தோருள் மிகப் பெரும்பாலோர் மேனாட்டார். அங்கே திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா என்ற தமிழர் எழுந்து பேசினார். மேனாட்டு மிஷனெரிகள் இந்தியருக்குப் பொருள் கொடுத்தனர், உழைப்பைக் கொடுத்தனர், உயிரையும் கொடுத்தனர். அவர்கள் கொடுக்கத் தயங்கும் ஒன்று உண்டு, அது நட்பு என்னும் கருத்துப்பட அவர் உரையாற்றினார். கேட்டோரில் பலர் முகம் சுளித்தனர் என்று வரலாறு கூறுகிறது. இரண்டாண்டு கழித்து, 1912இல், அவரே ஆங்கிலத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக, தோர்ணக்கல் பேராயத்துக்கு அபிஷேகம் பெற்றார்.

அசரியா தனித்த குரலல்லர். 1905ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் வங்காளத்துச் சீராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தோன்றியது. இந்தியரே உழைத்து, இந்தியரே பொருள் கொடுத்து, இந்திய முறையில் ஊழியம் செய்வது அதன் கொள்கை. அச்சங்கத்தை வளர்த்தவர்களுள் ஒருவர் சேலத்தில் பிறந்த கே. டி. பால். வங்கப் பிரிவினைக்குப் பின் நாடெங்கும் சுதேசி முழக்கம் எழுந்த ஆண்டு அது என்பதை நீங்கள் உங்கள் சரித்திரப் பாடத்தில் படித்திருப்பீர்கள். துணியிலே சுதேசியம் வேண்டும் என்றவர்கள் ஒருபுறமிருக்க, தொழுகையிலும் சுதேசியம் வேண்டும் என்று சிந்தித்தவர்கள் இவர்கள். ஆசிரமம் என்னும் எண்ணமும் அக்காலத்தில் புத்துயிர் பெற்றது. 1901இல் தாகூர் சாந்திநிகேதனத்தில் பள்ளி தொடங்கினார். 1917இல் காந்தியடிகள் சபர்மதிக் கரையில் குடியேறினார். இக்காற்று திருப்பத்தூர்ப் பக்கமும் வீசியதில் வியப்பில்லை.

இனி, ஆசிரம வாழ்க்கையைச் சற்றே நெருங்கிக் காண்போம். வைகறையில் எழுதல், தியானம், கூட்டு வழிபாடு, பின்னர் அவரவர் வேலை. மரக்கறி உணவு. கதர் ஆடை. தனிச் சொத்து என்பது ஒருவருக்கும் இல்லை, சம்பளமும் இல்லை. உறுப்பினராவோர் துறவறம் பூண வேண்டும். சபைப் பிரிவு பார்ப்பதில்லை. மருத்துவர்கள் தொடங்கிய இல்லமாதலால் நோயாளிகளுக்கு மருந்திடுவதே முதற்பணி. அதனோடு கிராமத் தொண்டும் கல்விப் பணியும் சேர்ந்தன.

மலையடிவாரத்தில் ஒரு வைத்தியசாலை என்பதன் பொருளை நகரத்து மாணவர்கள் எளிதில் உணரமாட்டார்கள். நோயாளியைத் துணித் தூளியிற் கிடத்தி, மூங்கிற் கழியில் கட்டி, இருவர் தோளில் சுமந்து, மணிக்கணக்கில் கீழிறங்குவது மலைவாழ் மக்களின் வழக்கம். சாலைகள் பெருகிய இந்நாளிலும் ஜவ்வாது மலைக் குக்கிராமம் ஒன்றிலிருந்து நோயாளியைத் தோளில் சுமந்து வந்தனர் என்ற செய்தியை நாளிதழில் படிக்கிறோம். அப்படியெனில் நூறு ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்திருக்கும்? அவ்வாறு சுமந்து வருபவருக்குப் பெரிய கட்டடமோ பெரிய பட்டமோ முக்கியமன்று. வாசற்கதவு திறந்திருக்க வேண்டும். உள்ளிருப்பவர் தம் மொழியில் 'வாருங்கள்' என்று சொல்ல வேண்டும்.

வட ஆர்க்காட்டிலேயே மற்றொரு மருத்துவ வரலாறும் உண்டு. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ஆம் ஆண்டு வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருந்தகம், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாயிற்று. இன்று உலகறிந்த மருத்துவமனையாக நிற்கிறது. அதன் வளர்ச்சியோடு ஒப்பிட்டால் ஆசிரமத்தின் பணி அகல்விளக்கைப் போன்றது. ஆனால் இரண்டின் நோக்கமும் வேறு. வேலூரில் நோய் தீர்ப்பது முதன்மை. திருப்பத்தூரில் எவ்வாறு சேர்ந்து வாழ்வது என்ற கேள்வி முதன்மையாக நின்றது. மருத்துவம் அக்கேள்வியிலிருந்து கிளைத்தது. எண்ணிக்கையைக் கொண்டு இவற்றை அளப்போர் ஆசிரமத்தைத் தோல்வி என்பர். நான் அவ்வாறு கருதவில்லை.

சின்னண்ணன் பேட்டனைப் பற்றி ஒரு செய்தி. அவர் பிறந்த குடும்பம் ஸ்காட்லாந்தில் அல்லோவா என்னும் ஊரில் கம்பளி நூல் ஆலை நடத்திய செல்வக் குடும்பம். பேட்டன் என்ற பெயர் தாங்கிய பின்னல் நூற்கண்டுகள் உலகெங்கும் விலைபோயின. அத்தகைய ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளை, கையால் நூற்ற நூலைக் கையால் நெய்த கதரை உடுத்திக்கொண்டு திருப்பத்தூர்த் தெருவில் நடந்தார்; தம் கைப்பொருளையும் ஆசிரமப் பணிக்கே ஈந்தார். விதி இதைக் காட்டிலும் ஒரு வேடிக்கையைப் பின்னர் அவருக்காக வைத்திருந்தது.

1932ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சட்டமறுப்பு இயக்கம் மீண்டும் மூண்டது. காந்தியடிகள் சிறைப்பட்டார். சென்னையில் அந்நியத் துணிக்கடைகளின் முன் தொண்டர்கள் மறியல் செய்தனர். போலீசார் அவர்களைத் தடியால் அடித்ததோடு, குழாயின் வழியே வண்ண நீரையும் பீய்ச்சினர். வெள்ளைக் கதரில் வண்ணம் ஒட்டிக்கொண்டால் தொண்டரை அடையாளம் காணலாம் அல்லவா? அவ்வேளையில் கதருடுத்திச் சென்னைத் தெருவில் நின்ற டாக்டர் பேட்டனும் அடிபட்டார். வண்ண நீரால் நனைக்கவும் பட்டார். மறியல் செய்தார் என்று அவர்மீது குற்றமும் சாட்டப்பட்டது. பின்னர் அது கைவிடப்பட்டது. அவர் வெள்ளையர் என்பதால் செய்தி கடல் கடந்தது. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன.

இந்நிகழ்ச்சியை வகுப்பில் கூறும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கிய பின் நான் ஒன்றைக் கேட்பதுண்டு. அதே நாளில், அதே தெருவில், அதே தடியால் அடிபட்ட தமிழ்த் தொண்டர்கள் எத்தனை பேர்? அவர்களைப் பற்றி எந்தப் பாராளுமன்றத்தில் யார் வினவினார்கள்? பேட்டனுக்கு நேர்ந்தது அநீதி என்று உலகம் கூக்குரலிட்டதிலேயே அடங்கியிருந்த அநீதி அது. அண்ணன் என்று அழைக்கப்பட்டவரையும் உலகம் துரையாகவே எண்ணிப் பரிந்து பேசியது. ஆசிரமம் எதனை அழிக்க முயன்றதோ அதன் வேர் எவ்வளவு ஆழமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆசிரமத்தின் ஜெபாலயத்தைப் பற்றிச் சொல்லாமல் இப்பேச்சு நிறைவுறாது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுந்த அக்கட்டடம் திராவிடக் கோயிற் சிற்ப முறையில் அமைந்தது. முகப்பில் கோபுரம், உள்ளே தூண்கள் நிரம்பிய மண்டபம், உச்சியில் சிலுவை. மிதியடியை வெளியே விட்டுச் சென்று தரையில் அமர்ந்து தொழ வேண்டும். கூரிய வளைவும் வண்ணக் கண்ணாடியும் மரப்பலகை இருக்கைகளும் கொண்ட மேனாட்டுப் பாணிக் கோயில்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதுமையாக இருந்தது. சிலருக்கு அதிர்ச்சியாகவும் இருந்தது.

புதுமை என்றேனே தவிர, முழுதும் புதிதென்று கூறமாட்டேன். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியத் துறவி இராபர்ட்டோ தெ நோபிலி காவியுடுத்தி மரக்கறி உண்டு வாழ்ந்தார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கர்நாடக இசையில் கிறிஸ்தவ கீர்த்தனைகள் பாடினார். எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை இயற்றினார். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பேரிசை நூலை வெளியிட்டார். தமிழ்ச் சொல்லும் தமிழ்ப் பண்ணும் கிறிஸ்தவத்துக்குள் எப்போதோ நுழைந்துவிட்டன; கல்லும் சுதையும்தான் பிந்தி வந்தன.

ஆனால் இங்கு ஒரு கேள்வி எழுகிறது. அதை எனக்கு எடுத்துக்காட்டியவர் எந்த அறிஞருமல்லர். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன். ஆண்டுகள் பல ஆயின. ஜெபாலயத்தின் படத்தைக் காட்டி, 'நம் நாட்டு முறையில் கட்டியிருக்கிறார்கள், பாருங்கள்' என்று பெருமிதத்தோடு கூறினேன். பின்வரிசையிலிருந்து அவன் எழுந்து, 'ஐயா, கோபுரம் வைத்த இடத்துக்குள் எங்கள் தாத்தாவை விட்டதில்லையாம். விடாததால்தான் அவர் சர்ச்சுக்குப் போனாராம். அங்கேயும் கோபுரமே வைத்தால் அவர் எங்கே போவார்?' என்றான். அவன் குறும்புக்காகக் கேட்கவில்லை. வகுப்பில் ஒருவரும் சிரிக்கவுமில்லை.

அக்கேள்வி நேர்மையானது. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களில் மிகப் பலர் சாதிக் கொடுமையின் அடித்தட்டிலிருந்து வந்தவர்கள். 'நம் நாட்டு முறை' என்று நாம் சொல்லும்போது நாட்டில் யாருடைய முறை அது என்று கேட்க அவர்களுக்கு உரிமையுண்டு. ஆசிரமம், துறவறம், மரக்கறி, கோபுரம் ஆகியவை உயர்ந்தோர் எனப்பட்டோரின் வாழ்விலிருந்து எடுத்தவை. சேரியின் பறையும் கூத்தும் வயலின் பாட்டும் நாட்டு முறையில்லையா என்று பிற்காலத்துக் கிறிஸ்தவச் சிந்தனையாளர் பலர் வினவினர். இவ்வினா திருப்பத்தூருக்கு மட்டும் உரியதன்று. 1950இல் குளித்தலை அருகே காவிரிக் கரையில் மோன்சானென், லெ ஸோ என்னும் இரு பிரெஞ்சுத் துறவியர் அமைத்த சாந்திவனத்தையும் அது தொடர்ந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வாயிலில் நின்று உனக்கு உள்ளே இடமில்லை என்று சொன்ன கோபுரம் ஒன்று. எவர் வந்தாலும் அவர் பக்கத்தில் தரையில் ஒரே வரிசையில் அமர்வோம் என்று சொல்லும் கோபுரம் மற்றொன்று. வடிவம் ஒன்றாயினும் நுழைவுரிமை வேறு. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டங்கள் 1939இலும் 1947இலும்தான் வந்தன. அவற்றுக்கு முன்பே, தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட ஒருவர் தடையின்றி நுழைந்து அமரக்கூடிய கோபுர வாயில் ஒன்று இம்மலையடியில் இருந்தது. அம்மாணவனுடைய தாத்தா அதற்குள் நுழைந்திருந்தால் என்ன உணர்ந்திருப்பார்? வெற்றியா, பழைய புண்ணின் வலியா? இரண்டும் கலந்தே இருந்திருக்கும் என்பது என் எண்ணம். இதை அவனிடமும் கூறினேன். அவன் ஒப்புக்கொண்டானா என்பதை முகத்தைக் கொண்டு அறிய முடியவில்லை.

ஆசிரமத்துக்கு மற்றொரு குறையும் கூறுவர். குலம் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் குலம் தழைக்கக் குடும்பம் வேண்டுமே! மணம் புரியாதோர் மட்டுமே உறுப்பினராகலாம் எனில் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்? மனைவி மக்களோடு வாடகையும் பள்ளிக் கட்டணமும் கணக்கிட்டு வாழும் சாதாரணக் கிறிஸ்தவனுக்கு இவ்வாழ்க்கை எங்ஙனம் முன்மாதிரியாகும்? இதில் உண்மையுண்டு. துறவோர் இல்லங்கள் எச்சமயத்திலும் சிலருக்கே உரியவை. ஆனால் ஏசுதாசனும் பேட்டனும் எல்லோரும் தம்மைப் போல் வாழ வேண்டும் என்று கோரியதாகத் தெரியவில்லை. வேற்றுமையின்றி இருவர் வாழ முடியும் என்று காட்டுவது அவர்கள் மேற்கொண்ட வேலை. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அவ்விருவர் நட்பு முறியாமல் நின்றது. ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பியர் வரப்புக்காக வழக்காடுவதைக் கண்டு வளர்ந்த நமக்கு இதன் அருமை தெரியும்.

அவர்களைப் பின்பற்றியும் அவர்களைச் சாராமலும் பல இல்லங்கள் தோன்றின. 1922இல் ஜாக் வின்ஸ்லோ என்னும் ஆங்கிலேயப் பாதிரியார் மராத்தி நாட்டில் கிறிஸ்த சேவா சங்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் பழங்குடி மக்களைப் பற்றி ஆராய்ந்து புகழ்பெற்ற வெரியர் எல்வின் இந்தியாவுக்கு முதலில் வந்து சேர்ந்த இடம் அது. 1930இல் ஸ்டான்லி ஜோன்ஸ் இமயமலைச் சாரலில் சாத்தால் ஆசிரமத்தை அமைத்தார். ஏசுதாசன் தம் அனுபவங்களையும் கருத்துக்களையும் ஆங்கிலத்தில் நூல்களாக எழுதினார். ஆசிரமங்களின் பழமையையும் புதுமையையும் பற்றிய நூல் அவற்றுள் ஒன்று. 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், நாடு விடுதலை பெற்ற ஆறு வாரங்களில், தென்னிந்தியாவின் சீர்திருத்தச் சபைகள் பல ஒன்றிணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. சபைப் பிரிவு பாராமல் வாழ்வதை ஆசிரமம் அதற்கு இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

பெரியண்ணன் 1969இல் மறைந்தார். அடுத்த ஆண்டே, 1970இல், சின்னண்ணனும் மறைந்தார்.

திருப்பத்தூர் முன்னே சேலம் ஜில்லாவிலும், பின்னர் வட ஆர்க்காட்டிலும், அதன் பின் வேலூர் மாவட்டத்திலும் இருந்து, 2019ஆம் ஆண்டு நவம்பரில் தானே ஒரு மாவட்டத்தின் தலைநகராகிவிட்டது. ஜவ்வாது மலைமேல் காவலூர் வானாய்வகத்தைக் காணப் பள்ளிகளும் கல்லூரிகளும் சுற்றுலாச் செல்வதுண்டு. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் கண்டு திரும்பும் வழியில், நேரமிருந்தால், உங்கள் ஆசிரியரிடம் சொல்லித் திருப்பத்தூரில் இறங்குங்கள். ஜெபாலயம் நிற்கிறது. கோபுரத்தைப் பார்த்துவிட்டு அதனடியில் நின்று அம்மாணவன் கேட்ட கேள்வியை உங்களுக்குள் விவாதியுங்கள். எனக்கு விடை எழுதி அனுப்பினாலும் மகிழ்வேன். பழைய வழக்கப்படி சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பமாட்டேன்.